கடைசியாக எடுக்கும் சேலை

மெஹபூப் அலிக்குச் சேலை விற்கத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது என்று குல்ஷன் அவர் காதுபடவே சொல்வாள். மீன் வாங்கத் தெரியாது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தெரியாது. சொந்தக்காரன் கைமாற்றுக் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாது. ஆனால் ஓர் அம்மாள் படியேறி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், அவள் எந்தச் சேலையோடு திரும்பப் போகிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் அதை முதலில் எடுக்க மாட்டார். பகட்டான ஒன்றை எடுத்துப் பிரிப்பார். அந்த அம்மாள் முகம் சுளிப்பாள். அடுத்ததில் நிறம் சரியாக இருக்கும், கரை சரியாக இருக்காது. பிறகு அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவி, "இது உங்களுக்கு ஒத்துவராதும்மா, சும்மா பாருங்க" என்று பாதி பிரித்து ஓரமாகப் போட்டுவிட்டு, முதலில் காட்டியவற்றைக் குனிந்து மடிக்கத் தொடங்குவார். அந்த அம்மாளின் கை ஓரத்துக்கு நீளும்.

"கை தானா நீளணும் குல்ஷு," என்பார் ராத்திரி வீட்டில், கால்களை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு. "நாம எடுத்துக் குடுத்தோம்னு வெய்யி, நாளைக்கே திருப்பிக் கொணாந்துடுவாங்க. அவங்களா எடுத்தா திரும்பி வராது."

"இந்தக் கெட்டிக்காரத்தனத்த மீன்காரிகிட்ட காட்டக் கூடாதா? நேத்து வாங்கியாந்த வஞ்சிரத்துக்குக் கண்ணே உள்ள போயிடுச்சு."

"மீனுக்கு ஏதுடி முந்தானை? விரிச்சுப் பாத்து வாங்கறதுக்கு?"

கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும் அவர்கள் வீடு. காலையில் அவர் 12பி பஸ்ஸைப் பிடித்துத் தி.நகருக்குப் போவார். அங்கே பல மாடி ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவு. குல்ஷன் வீட்டிலிருந்தபடியே சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவாள். அதீபா இரண்டு வயதாக இருக்கும்போது ஆரம்பித்த வேலை. இப்போது அதீபா நந்தனம் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

கொரோனா ஓய்ந்து கடைகள் பழையபடி நிறைந்தபோது மெஹபூப் அலி மட்டும் பழையபடி ஆகவில்லை. வயிற்றில் எரிச்சல் என்றார். அல்சர் என்று மாத்திரை விழுங்கினார். பருப்பும் கறியும் சேர்ந்த தாள்ச்சா என்றால் தட்டை வழிப்பவர், பருப்பைக் கண்டதும் எழுந்து போனார். கடையில் வேலை செய்பவர்கள் உட்கார வசதி வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பட்டுப் பிரிவிலும் ஸ்டூல்கள் வந்தன. உட்காரக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் உட்காரவும் இல்லை.

"நீங்களாவது குந்துங்களேன்," என்றாள் குல்ஷன்.

"கஸ்டமரு நின்னுனு இருக்கும்போது நான் குந்தறதா? இன்னா பேசற நீ?"

ஒரு நாள் கவுண்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடையை விட்டார். வீட்டுக்குப் பக்கத்திலேயே, குளத்தங்கரையில் முத்துலட்சுமி அம்மாளின் ஜவுளிக்கடையில் சேர்ந்தார். அவர்கள் தெற்கே திசையன்விளைப் பக்கத்துக்காரர்கள். புருஷன் அடையாறு கடையைப் பார்த்துக்கொள்ள, மயிலாப்பூர் கடையில் முத்துலட்சுமி உட்கார்ந்திருப்பார். பிஎஃப் எல்லாம் ஒழுங்காகப் பிடிக்கிற கடை. சம்பளம் கொஞ்சம் குறைவு. நடந்து போய்விடலாம்.

சேர்ந்த இரண்டாம் மாதமே வயிற்றுக்குள் இருப்பது அல்சர் இல்லை என்று தெரிந்தது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் ஆனது. பழைய கடை பிஎஃப்பில் நோய்க்கென்று கொடுக்கிற அட்வான்ஸ் அதற்குச் சரியாகப் போயிற்று.

ஐப்பசியில் ஒரு நாள் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் அறைக்குள் இருவரும்தான் போனார்கள். பழைய ரிப்போர்ட் ஒன்று வேண்டுமென்று நர்ஸ் சொல்ல, குல்ஷன் அதை வாங்கிவரக் கீழே போனாள். திரும்பி வந்தபோது அவர் வெளியே மரத்தடிப் பெஞ்சில் இருந்தார். கைக்குட்டையை மடியில் விரித்து, முனையோடு முனை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"மாத்திரையே போதும்னாரு. வேற ஊசி ஒண்ணு கீதாம். வெளியில வாங்கணும், வெல சாஸ்தி. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்னாரு."

"அப்டியா சொன்னாரு?"

"அப்டிதான் சொன்னாரு."

கைக்குட்டை மடிந்து மடிந்து தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் மடிக்க அதில் துணி இல்லை. குல்ஷன் டாக்டர் அறைப் பக்கம் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். மழை தூற ஆரம்பித்தது. எதிரே காலியாக ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவர் எழுந்திருக்கக் கை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கினாள். பாலத்தில் போகும்போது அடையாற்றுத் தண்ணீர் செம்மண் நிறமாக இரு கரையும் தொட்டுப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரி வந்தான். லஸ் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன்; கடைச் சிப்பந்திகளின் பிஎஃப் வேலையெல்லாம் அவனிடம்தான் போகும். நனைந்த ஹெல்மெட்டை வெளியே வைத்துவிட்டு, காலை மிதியடியில் மூன்று முறை துடைத்தான். கீழ்வீட்டில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள். அந்த வாசனை மெஹபூப் அலிக்கு ஆகாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்ததில் அறை இருட்டாக இருந்தது. குல்ஷன் டியூப்லைட்டின் கீழே, மாம்பழ நிறப் பட்டு ஒன்றின் முந்தானையை மடியில் போட்டுக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். சமையற்கட்டில் அதீபா டீ போட்டாள்.

"அண்ணே, பழைய கடை பிஎஃப்பு அப்டியே தூங்கினு கீது," என்றான் ஹரி. "அட்வான்ஸ் போக மிச்சம் கொஞ்சம் கீது. அதில்லாம பென்ஷனுக்குன்னு தனியா ஒரு பக்கம் புடிச்சாங்களே, அதுவும் கீது. கடை மாறிட்டீங்க. அத்த இன்னா பண்ணலாம்னு அக்கா முன்னாடியே பேசிடலாம்."

"பேசு நைனா. ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டு."

"ஒண்ணு, அப்டியே விட்றலாம். அது பாட்டுக்கு வட்டி ஏறினு கெடக்கும்."

மெஹபூப் அலி முகத்தைச் சுளித்தார். "வட்டிய வெச்சுனு நான் இன்னா செய்யறது? வட்டி நமக்கு ஆவாது. அடுத்தத எடு."

"ரெண்டாவது, முழுசா முடிச்சு எடுத்துக்கறது. ஆனா அதுக்கு வேலையில இருக்கக் கூடாது அண்ணே. இப்ப கீற கடையிலேர்ந்தும் நின்னுடணும். ரெண்டு மாசம் எங்கியும் பேரு இருக்கக் கூடாது. அப்பறம் போட்டா எல்லாம் கைக்கு வந்துடும், பென்ஷனுக்குப் புடிச்சது உள்பட."

குல்ஷனின் விரல்கள் நின்றன. "அத்த வெச்சு அந்த ஊசிய வாங்க முடியுமா ஹரி?"

ஹரி மெஹபூப் அலியைப் பார்த்தான்.

"வாங்கலாம்," என்றார் அவர். "ஊசியும் போச்சு, துட்டும் போச்சுன்னு நிக்கலாம். டாக்டர்தான் சொல்லிட்டாரே. வேற ஒண்ணு சொன்னியே ஹரி, அது நமக்கு ஒத்துவராது. சும்மா சொல்லு."

குல்ஷன் தலை நிமிர்ந்தாள்.

"பழசப் புதுக் கடையோட சேத்துடறது," என்றான் ஹரி, தரையைப் பார்த்தபடி. "சர்வீஸ் ஒட்டிக்கும். அண்ணன் பேரு கடை ரோல்ல, சம்பளப் பட்டியல்ல இருக்கணும், அவ்ளோதான். ரோல்ல இருக்கும்போது ஏதாவது... ஒண்ணு ஆச்சுன்னா..."

"சொல்லு நைனா. ஒண்ணும் ஆகாதவன் யாரு?"

"அக்காவுக்கு மாசாமாசம் பென்ஷன் வரும். அவங்க இருக்கற வரைக்கும். பாப்பாவுக்கும் இருவத்தஞ்சு வயசு வரைக்கும் தனியா வரும். வேலைய வுட்டுட்டு, துட்டையும் எடுத்துட்டு, அப்பறம் ஆச்சுன்னா ஒண்ணும் வராதுக்கா."

"அது வேணாம் வுடு," என்றார் மெஹபூப் அலி. "இந்த ஒடம்ப வெச்சுனு தெனம் கடைக்குப் போய் வரணும். ஆவற காரியமா?" சொல்லிக்கொண்டே அவள் மடியிலிருந்து நழுவிக் கிடந்த சேலையின் மறுமுனையை எடுத்தார். கரையைக் கரையோடு சேர்த்து, குனிந்து, மடிக்கத் தொடங்கினார்.

ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது. சமையற்கட்டில் டீயை ஆற்றுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் நிமிரவில்லை. எலும்பு துருத்திய அந்த விரல்கள் மட்டும் எப்போதும்போல அவசரமில்லாமல் பட்டை நீவி நீவி மடித்தன.

"சேத்துடு ஹரி," என்றாள் குல்ஷன்.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது.

ஹரி போன பிறகு, அவர் மருந்து மயக்கத்தில் கண்ணயர்ந்த பிறகு, அதீபா அவளைச் சமையற்கட்டுக்குள் இழுத்தாள்.

"ஏம்மா அப்டி சொன்னே? அத்தாவ இந்த ஒடம்போட வேலைக்கு அனுப்பப் போறியா? எல்லாத்தையும் எடுத்து ஊசிய வாங்கலாம்ல? நான் காலேஜ நிறுத்திட்டு ஏதாவது கடையில சேந்துக்கறேன்."

"ஊசி போட்டு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருடி."

"உன்கிட்ட சொன்னாரா?"

"அத்தாகிட்ட சொன்னாரு."

"நீ கேட்டியா அவர?"

குல்ஷன் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்புதான்.

மறுநாள் காலை அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். முத்துலட்சுமி கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"ஏன் பாய், ஒமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வீட்டுல கெடயும். பேரு பாட்டுக்கு இங்ஙன கெடந்துட்டுப் போவுது. சம்பளத்த நான் குடுத்து விடுதேன். நான் என்ன ஒம்ம மென்னியவா பிடிக்கேன்?"

"வேலை செய்யாத நாளுக்கு சம்பளம் வாங்குனா அது ஹராம்மா. அதுலேர்ந்து புடிச்ச பென்ஷன் இவ தொண்டையில எறங்காது."

"அப்பம் சம்பளமில்லாம லீவு போடும்."

"எவ்ளோ நாளைக்கு? வரமாட்டேன்னு தெரிஞ்சுனே லீவுன்னு எழுதறது பொய்தானேம்மா."

"இந்த மனுசன்கிட்ட யாரு பேச?" முத்துலட்சுமி குல்ஷன் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லக் கூடாதாட்டி? கட்டுனவன் நிக்க மாட்டாம நிக்கான். நீ வாயத் தொறக்காம நிக்கியே."

குல்ஷனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் முத்துலட்சுமி வேறு பக்கம் திரும்பிப் பையனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த நாள் அவர்கள் போனபோது பட்டு அலமாரிக்கு முன்னால் கண்ணாடிக் கவுண்டர் இல்லை. அந்த இடம் முழுக்க மெத்தை போட்டு, மேலே வெள்ளை விரித்து, சுவரோடு இரண்டு திண்டு சார்த்தியிருந்தது. எதிரே வாடிக்கையாளர் உட்காரக் குட்டை முக்காலிகள்.

"எங்க ஊர்ல ஜவுளிக்கடைன்னா மெத்ததான்," என்றார் முத்துலட்சுமி, கல்லாவில் எதையோ தேடிக்கொண்டு. "வாரவங்களும் உக்காரணும், காட்டுதவனும் உக்காரணும். நின்னுக்கிட்டே விக்கிற கூத்தெல்லாம் இங்ஙன வந்து படிச்சது. யேவாரத்துக்காவப் போட்டிருக்கேன். ஒமக்காவன்னு நெனச்சுக்கிட்டு முழிக்காதயும்."

மெஹபூப் அலி மெத்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி, ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல இறங்கி உட்கார்ந்தார். கடை வாழ்க்கையில் சேலை காட்டுகிற இடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்படி அந்தக் கார்த்திகையும் மார்கழியும் போயின. குல்ஷனும் தன் குஞ்ச வேலையைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். அலமாரி ஓரத்தில், அவர் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். கூட்டமில்லாத நேரத்தில் அவர் திண்டில் சாய்வார். செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்துவிடுவார். சட்டை தோளில் தொங்கியதால் உள்ளே இன்னொரு பனியன் போட்டுக்கொண்டார். கன்னம் ஒட்டியது தெரியாமலிருக்கத் தாடியை வளரவிட்டார். மத்தியானத்தில் மற்றச் சிப்பந்திகள் புளிசாதமும் அப்பளமுமாகச் சாப்பிடும்போது, குல்ஷன் ஃபிளாஸ்கிலிருந்து நொய்க்கஞ்சியை ஊற்றிக் கொடுப்பாள். இரண்டு கரண்டி உள்ளே போனால் பெரிது.

"இன்னும் ஒரு வாய்."

"வேணாம் குல்ஷு. வயிறு நெறஞ்சுனு கீது."

"காத்துதான் நெறஞ்சிருக்கும்."

"காத்தும் அல்லா குடுக்கறதுதானே."

"சட்டமெல்லாம் நல்லாப் பேசும் பாய்," என்பார் கல்லாவிலிருந்து முத்துலட்சுமி. "கஞ்சியக் குடியும் மொதல்ல."

மார்கழி மாதம் கச்சேரி கேட்க மயிலாப்பூருக்கு வந்தவர்களெல்லாம் கடைக்குள்ளும் வந்தார்கள். மெத்தை அவர்களுக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, பெரியவர் சேலை காட்டுவதை வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவளைவிட அவருக்கு நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர் சிரித்து, "சேலைய எடும்மா, என்னைய எதுக்கு?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சில நாள் நடுவழியில் ஏதாவது கடைப்படியில் உட்கார்ந்துவிடுவார். அவள் பக்கத்தில் நிற்பாள். பூக்காரிகள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு வாயில் வந்து நிற்கும்: போதும், நாளையிலிருந்து வேண்டாம், எல்லாவற்றையும் முடித்து எடுத்துவிடலாம், ஊசி போடலாம். ஆனால் சொல்வது, "எழுந்திருக்கறீங்களா?" என்பதாகவே இருக்கும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் மந்தைவெளியிலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணத்துக்கென்று வந்தாள். தங்கையையும் கூட்டி வந்திருந்தாள். அன்று காலையிலிருந்தே மெஹபூப் அலிக்கு மேல்மூச்சு வாங்கியது. ராமர் பச்சையில் ஒன்று பிரித்தார். தங்கை உதட்டைப் பிதுக்கினாள். ஊதாவில் ஒன்று பிரித்தார். அந்த அம்மாள், நிறம் அழகு, கரைதான் அகலம் அதிகம் என்றாள். பிறகு அடியிலிருந்து அரக்கு நிறத்தில் ஒன்றை உருவினார். அதை உருவவே அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"இது உங்களுக்கு ஒத்துவராதும்மா," என்றார். குரல் நூல்போல வந்தது. "சும்மா பாருங்க."

அந்த அம்மாளின் கை நீண்டது.

பில் போட அவர்கள் கல்லாவுக்குப் போனார்கள். பச்சையும் ஊதாவும் மெத்தை முழுக்க விரிந்து கிடந்தன. பிரித்த சேலையை மடிக்காமல் வைப்பது அவருக்கு ஆகாது. அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டாலும் ஒரு கையால் மடித்துக்கொண்டேதான் பேசுவார். இன்று பச்சையின் கரையை எடுத்தார். கை பாதியில் நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடி நின்றது.

குல்ஷன் எழுந்து வந்து எதிரே முழந்தாளிட்டு மறுமுனையைப் பிடித்தாள்.

"கரைய உள்ள வெய்யி," என்றார்.

"தெரியும்."

"இழுக்காதே. ஜரிகை சுருங்கிடும்."

"தெரியும், நீங்க முனைய மட்டும் புடிச்சுக்கங்க."

இருவருமாக மடித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் அவள் தன் முனையைக் கொண்டுவந்து அவர் கையில் சேர்த்தாள். கடைசி மடிப்பில் அவர் அவள் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கல்லாவில் முத்துலட்சுமி தலையைத் தூக்கவே இல்லை.

அதற்கு இரண்டாம் நாள் காலை, அதீபா காலேஜுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் கேட்டார். அவள் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு எடுத்துவந்தாள். ஒரு மிடறு குடித்தார். "நேரமாச்சு, கடைக்குக் கெளம்பணும்," என்றார். குல்ஷன் சட்டையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது முடிந்துவிட்டது.

அன்று முத்துலட்சுமி கடையைத் திறக்கவில்லை. சந்து முனையில் மற்றப் பெண்களோடு வந்து உட்கார்ந்து, தன் ஊர் வழக்கப்படி வாய்விட்டு அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

குல்ஷன் இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக்கூடாது, வேற்று ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பென்ஷன் பேப்பர்களோடு ஹரிதான் வீட்டுக்கு வந்தான். வாசலுக்கும் அறைக்கும் நடுவே பழைய பெட்ஷீட் ஒன்று திரையாகக் கட்டியிருந்தது. அவன் திரைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்ட, அதீபா வாங்கி உள்ளே கொடுத்தாள். குல்ஷன் கையெழுத்துப் போட்டாள்.

"எல்லாம் கரீட்டா கீதுக்கா. முத்துலட்சுமி அம்மா அவங்க கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்துட்டாங்க. வந்துடும்."

அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலி கிரீச்சிட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம தூக்கம் வர மாட்டேங்குது."

திரைக்கு உள்ளே அதீபா பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கெழம வந்தேன்ல? அதுக்கு முன்னாடியே அண்ணன் தனியா என் கடைக்கு வந்து எல்லாத்தையும் கேட்டுனு போய்ட்டாருக்கா. எத்த மொதல்ல சொல்லணும், எத்தக் கடைசியா சொல்லணும்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. அந்த ஊசி... டாக்டர் போட்டுக்கச் சொன்னாராம்க்கா. போட்டா கொஞ்ச மாசம் கூட இருக்கலாம்னாராம். 'கொஞ்ச மாசம் எனக்கு, இல்லாட்டி ஆயுசுக்கும் அவளுக்கு. நீயே சொல்லு நைனா'ன்னாரு. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கினாரு. நான் சின்னப் பையன்க்கா. இன்னா சொல்றதுன்னு தெரியல."

அதீபா சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். குல்ஷன் கையில் பேனா இருந்தது. வளையல் இல்லாத அந்தக் கையால் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"அக்கா?"

"அதீபா," என்றாள். "ஹரிக்கு டீ குடுத்து அனுப்பு."

பென்ஷன் வர ஆரம்பித்தது. பெரிய தொகையொன்றும் இல்லை. வாடகைக்குப் பாதி, அதீபாவின் படிப்புக்குக் கொஞ்சம். மீதிக்குக் குஞ்சம் கட்டினாள். முத்துலட்சுமி கடையில் அந்த மெத்தையை எடுக்கவே இல்லை. வேறொருவர் உட்கார்ந்து சேலை காட்டினார். குல்ஷன் தைத்த சேலைகளைக் கொடுக்கப் போனால் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவாள்.

மறு வருஷம் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டிய நாள் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடிருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். விரலை மெஷினில் வைத்தால் போதும். ஹரியின் சென்டருக்குப் போனாள். அன்றும் மழைதான். ஹரிக்கு அந்த ஆவணியில் கல்யாணமாகியிருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"வாங்கக்கா. குந்துங்க. கட்ட விரல இதுல வைங்க."

வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னொரு வாட்டி. அழுத்தி வைங்க."

மறுபடி சிவப்பு. ஹரி விரலைப் பார்த்தான். ஊசி குத்திக் குத்தி, பட்டு நூல் அறுத்து அறுத்து, அதில் ரேகை தேய்ந்திருந்தது.

"மெஷினு ஒத்துக்க மாட்டேங்குதே," என்று சிரிக்கப் பார்த்தான். "வேற விரல வைங்க. ஆள்காட்டி விரல்."

அவள் வைக்கவில்லை. மேசைமேல் கையை வைத்தபடி மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரைக்கு அந்தாண்ட குந்தினு ஒண்ணு சொன்னியே ஹரி."

அவன் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. "அக்கா, நான் அன்னிக்கே..."

"உன்னத் திட்ட வரல. எனக்கு முன்னயே தெரியும். நீ சொல்றதுக்கு முன்ன. அந்த ஞாயித்துக்கெழமயே தெரியும்."

"எப்டிக்கா?"

"'நமக்கு ஒத்துவராது, சும்மா சொல்லு'ன்னாரே. அவரு அப்டி சொன்னா எதுக்கு சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா? சேலைய மடிச்சாரே, நிமிந்தே பாக்காம. டாக்டர் இன்னா சொல்லிருப்பாருன்னுகூட அதுலயே தெரிஞ்சுபோச்சு."

ஹரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். வெளியே பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது.

"தெரிஞ்சுமாக்கா...?"

"கை நீண்டுடுச்சு நைனா," என்றாள் குல்ஷன். "நானாதான் எடுத்தேன்."

பிறகு ஆள்காட்டி விரலை மெஷினில் வைத்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"ஆய்டுச்சுக்கா," என்றான் ஹரி மெதுவாக. "இனிமே அடுத்த வருஷம் வந்தா போதும்."

அவள் எழுந்தாள். மை எதுவும் ஒட்டாத அந்த விரலைத் துப்பட்டாவின் ஓரத்தில் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள்.